ஓவியத்தில் இடைச்செருகல்

தமிழில் ஓவியம் பற்றி வரும் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவன் என்ற வகையில் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. ஓவியத்தை நாம் கதையாக மட்டுமே வாசிக்கிறோம். நிற்பது யார், எந்தப் புராணச் சம்பவம், எந்த மன்னன் காலம், கண்ணில் என்ன பாவம் என்றெல்லாம் எழுதுகிறோம். அந்தக் கண் எந்தக் காரையின்மேல் எந்தக் கரியால் கீறப்பட்டது, அதன்மேல் பின்னர் யார் யாருடைய தூரிகை ஓடியது என்று கேட்பதில்லை. இலக்கியத்தில் நாம் இவ்வளவு கவலையீனமாக நடந்துகொள்வதில்லை. பழம்பாடலொன்றைக் கையில் எடுத்தால் பாடவேறுபாடு பார்க்கிறோம். ஒரு வரியை இடைச்செருகல் என்று தள்ளுவதற்கு மாதக்கணக்கில் சண்டை பிடிக்கிறோம். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881க்கும் 1889க்கும் இடையில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி என ஒவ்வொன்றாக ஏடு ஒப்புநோக்கி அச்சேற்றினார். அந்த மரபில் வந்த நாம் சுவரில் எழுதப்பட்டதை மட்டும் ஒரே பிரதி, ஒரே ஆசிரியர், ஒரே பாடம் என்று நம்பிக்கொண்டிருப்பது வியப்புக்குரியது.

நான் விஞ்ஞானி அல்லன். ஆசிரிய கலாசாலையில் தமிழுக்குப் பயிற்சி பெற்று, குடாநாட்டின் ஒரு கிராமப் பாடசாலையில் படிப்பிப்பவன். சித்திர ஆசிரியர் இல்லாத வருடங்களில் அந்தப் பாடமும் என் தலையில் விழும். அப்படி விழுந்த ஒரு வருடத்தில்தான் பழைய ஓவியங்களை எக்ஸ் கதிரிலும் செங்கீழ்க்கதிரிலும் படம் பிடிப்பதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, இது எனக்குப் பழக்கமான வேலையாகவே தெரிந்தது. நூதனசாலைகளின் ஆய்வுகூடங்களில் நடப்பது பதிப்பாசிரியர் வேலை. ஒரே பலகையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் பிரதிகளைப் பிரித்து வாசிக்கிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஜேர்மனியில் டிரெஸ்டன் நகர ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் 1650களின் கடைசியில் வரைந்த, திறந்த யன்னலருகே நின்று கடிதம் வாசிக்கும் ஒரு பெண்ணின் படம். 1742இல் சாக்சனி அரச சேகரிப்புக்கு அது வாங்கப்பட்டபோது றெம்பிராண்ட் வரைந்தது என்றே நம்பினார்கள் என்பது தனிக் கதை. பெண்ணின் பின்னால் வெறுஞ்சுவர். அந்த வெறுமையைப் பற்றி விமரிசகர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள்: வெர்மீரின் மௌனம், வெர்மீரின் தனிமை என்று. 1979இல் படத்தை எக்ஸ் கதிரில் பார்த்தபோது சுவரில் ஒரு பெரிய சட்டமிட்ட ஓவியம் தெரிந்தது. அதற்குள் வில்லோடு நிற்கும் குழந்தை வடிவக் காமன். வெள்ளை நிறத்துக்கு அக்காலத்தவர் பயன்படுத்திய ஈயவெள்ளை எக்ஸ் கதிரை மறிக்கும். அதனால் மேலே என்ன பூசியிருந்தாலும் அடியில் ஈயவெள்ளையால் தீட்டியது படத்தில் வெளிறித் தெரியும். இவ்வளவும் பள்ளிக்கூட விஞ்ஞானம்தான்.

அடியில் காமன் இருப்பது தெரிந்த பிறகும் நாற்பது வருடங்களுக்கு எவரும் அவனைத் தொடவில்லை. வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று எண்ணினார்கள். ஆசிரியரே வெட்டிய வரியைப் பதிப்பாசிரியர் மீண்டும் சேர்க்கக் கூடாதல்லவா? 2017இல் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியபோதுதான் விடயம் திரும்பியது. மேற்பூச்சு, ஏனைய இடங்களிலுள்ள வர்ணத்தைப்போல் கரையவில்லை. நுணுக்குக்காட்டியின்கீழ் துணுக்குகளைப் பார்த்தார்கள். காமனுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவில் பழைய வார்ணிஷ் இருந்தது. அதன்மேல் அழுக்கு படிந்திருந்தது. அழுக்குப் படிவதற்குக் காலம் வேண்டும். வெர்மீர் 1675இல் இறந்துவிட்டார். அவர் இறந்து பல பத்தாண்டுகளின் பின் வேறொரு கை செய்த வேலை இது என்று ஆய்வுகூடம் முடிவுக்கு வந்தது. பிறகு சத்திரசிகிச்சைக் கத்தியால், நுணுக்குக்காட்டியைப் பார்த்துப் பார்த்து மேற்பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். 2021 செப்ரெம்பரில் காமனோடு அந்தப் படம் காட்சிக்கு வைக்கப்பட்டது.

ஒரு விமரிசகன் இந்தச் செய்தியைச் சும்மா தாண்டிப் போக முடியாது. வெர்மீரின் மௌனம் என்று எழுதப்பட்ட பக்கங்கள் முகம் தெரியாத யாரோ ஒருவரின் தூரிகையைப் புகழ்ந்தவை. அவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வெறுஞ்சுவரை விரும்பிய கண்களும் உண்மையாகவே விரும்பின. எனக்கே, புத்தகத்தில் பழகிய பழைய படம்தான் இன்னும் பிடிக்கிறது. ஆனால் அது என் விருப்பம். வெர்மீர் எழுதிய பாடம் எது என்பது வேறு கேள்வி. அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு படை அழுக்கு தேவைப்பட்டிருக்கிறது.

எமது பக்கத்துக்கு வந்தால் விடயம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி சோழர் கால ஓவியங்களைக் கண்டார். மேலே தெரிந்தவை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் ஓவியங்கள். அவை உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து இராசராசன் காலத்துக் கோடுகள் எட்டிப் பார்த்தன. சென்னை அரசு நூதனசாலையின் இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவர்த் துணுக்குகளை 1930களிலேயே சோதித்து, சோழர் பசையையோ எண்ணெயையோ நம்பவில்லை, ஈரச் சுண்ணாம்பே வர்ணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதினார். அமெரிக்காவின் ஹாவார்டிலிருந்து வந்த ஓவியத் தொழினுட்ப ஆய்விதழில் 1937இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. தமிழில் ஓவிய விமரிசனம் எழுதுவோரில் எத்தனை பேர் பரமசிவனின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்? நானும் அவரைத் தமிழ்க் கட்டுரைகள் வழியாக அறியவில்லை.

இங்கே மேற்பூச்சு ஒருவன் காமனை மறைக்கப் பூசிய வெறும் வர்ணமல்ல. நாயக்கர் கால ஓவியனும் ஓர் ஆசிரியன். பழைய சுவரின்மேல் புதிய சாந்து பூசி, தன் காலத்துப் பக்தியைத் தன் காலத்து நிறத்தில் எழுதியவன். அவனைச் சுரண்டி எறிந்தால் ஒரு நூலை எரித்து இன்னொரு நூலை வாசித்ததாகும். இந்தியத் தொல்லியல் துறையினர் வேறு வழி கண்டார்கள். நாயக்கர் படையைச் சாந்தோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றி வைத்தார்கள். அடியிலிருந்த சோழர் படை வெளிவந்தது. கைத்திறன் என்ற அளவில் அது பெரிய சாதனை. என்றாலும் எனக்கு ஒரு நெருடல் மிச்சமிருக்கிறது. பலகைக்குப் போன நாயக்கர் ஓவியம் அடிக்குறிப்புக்குப் போன பாடவேறுபாடுபோல் ஆகிவிட்டது. அது எழுதப்பட்ட சுவர் அதற்கு இனி இல்லை. சோழர் காலத்தது என்றால் உயர்ந்தது, நாயக்கர் காலத்தது என்றால் மட்டம் என்று எமது இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் எழுதிப் பழகியதன் நிழல் அந்தத் தீர்ப்பிலும் விழுந்திருக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. எந்தக் கருவியும் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும். எதை மேலே வைக்க வேண்டும் என்று சொல்லாது. சொல்பவன் மனிதன். அவன் எந்த இலக்கிய வரலாற்றைப் படித்தவன் என்பதும் அங்கே வேலை செய்யும்.

அந்த உட்சுற்றுக்குள் பொதுமக்கள் போக முடியாது. தொல்லியல் துறை 2011இல் வெளியிட்ட நூலின் நிழற்படங்கள் வழியாகவே பெரும்பாலானோர் சோழர் ஓவியத்தைப் பார்க்கிறார்கள். கமராவைப் பின்னுக்கு நகர்த்த இடமில்லாத ஒடுக்கமான பாதை அது. துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் பொருத்தினார்கள். அந்தச் சுவரை முழுதாக எட்டி நின்று பார்க்கும் வாய்ப்பு வரைந்தவனுக்கே இருந்திருக்காது.

கோவிந்தசாமி தஞ்சையில் விளக்கைப் பிடித்த அதே 1931இல்தான் இஸ்தான்புல்லில் ஆயா சோபியாவின் காரையை நீக்கும் வேலையை தோமஸ் விற்றெமோர் என்ற அமெரிக்கர் தொடங்கினார். தற்செயல்தான், இருந்தாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1453இல் பள்ளிவாசலாகிய அந்தக் கட்டடத்தின் பைசாந்தியச் சித்திரக்கல் உருவங்கள் ஒரே நாளில் மறைக்கப்படவில்லை. சில நீண்டகாலம் வெளியே தெரிந்தன. படிப்படியாகவே சுண்ணச் சாந்து ஏறியது. 1847க்கும் 1849க்கும் இடையில் சுல்தான் அப்துல் மஜீத் கட்டடத்தைத் திருத்தும்படி பொஸ்ஸாட்டி சகோதரர்களை அமர்த்தினார். அவர்கள் சாந்தை நீக்கியபோது உருவங்கள் வெளிவந்தன. சுல்தான் அவற்றை உடைக்கச் சொல்லவில்லை. துப்புரவு செய்து, வரைந்து பதிவுசெய்து, மீண்டும் மூடிவிடச் சொன்னார். 1894இல் பெரிய பூமியதிர்ச்சி வந்தது. பொஸ்ஸாட்டிகள் கண்டவற்றுள் சில இன்று இல்லை; அவர்களுடைய வரைபடத்தில் மட்டும் இருக்கின்றன. எஞ்சியவை எஞ்சியதற்கு மூடியிருந்த சாந்தும் ஒரு காரணம். 2020 முதல் அது மீண்டும் பள்ளிவாசல். தொழுகை இடத்துக்கு உருவம் வேண்டாம் என்பதும், உருவத்தை அழிக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல என்பதை உணர்ந்த ஒரு சுல்தான் இருந்திருக்கிறார். எமது வாசகர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. வெளியே நடக்கும் விவாதங்களில் இந்தப் பகுதியை எவரும் சொல்வதில்லை.

பொஸ்ஸாட்டியின் வரைபடம் என்றதும் நினைவுக்கு வருவது சிகிரியா. பாடசாலைச் சித்திரப் பாடநூலில் அந்தப் பெண்களைப் படிக்காத பிள்ளை இந்த நாட்டில் இல்லை. ஆனால் 1967 ஒக்ரோபரில் நடந்ததைப் படித்த பிள்ளை குறைவு. இரவோடு இரவாக யாரோ குன்றின் குகைக்குள் ஏறி, 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களின்மேல் பச்சைப் பெயின்ற்றை அள்ளிப் பூசிவிட்டுப் போனார்கள். சில உருவங்களின் சாந்தையும் கொத்தியிருந்தார்கள். அப்போது தொல்பொருளியல் திணைக்களத்தின் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா ஓர் இரசாயனவியலாளர். அது நாட்டின் நற்பேறு. இத்தாலியிலிருந்து லூசியானோ மறான்சி என்ற பழுதுபார்க்கும் நிபுணர் வந்தார். பெயின்ற்றைக் கரைக்க வேண்டும், அடியிலிருப்பது கரையக் கூடாது. எதில் எது கரையும் என்பதைத் துளித் துளியாகச் சோதித்தே அப்படியான வேலையைச் செய்ய முடியும். ராஜா டி சில்வா அந்த ஓவியங்களின் சாந்தையும் வர்ணப் பற்றையும் பற்றிப் பிற்காலத்தில் நூலும் எழுதினார்.

இரசாயனம் பெயின்ற்றை எடுத்தது. கொத்திப்போன இடத்தில் என்ன இருந்தது என்பதை இரசாயனம் சொல்லுமா? அதைச் சொல்ல முந்திய பதிவு வேண்டும். 1889இல் பொதுவேலைத் திணைக்களத்து அலிக் மறே என்பவர் அந்தரத்தில் தொங்கும் அந்தக் குகைக்கு ஏறி உருவங்களைப் பிரதி எடுத்திருந்தார். 1896 அளவில் எச். சீ. பீ. பெல்லின் கீழ் வேலைசெய்த டி. ஏ. எல். பெரேரா எண்ணெய் வர்ணத்தில் அவற்றைப் பிரதி செய்தார். அவருடைய பிரதிகள் கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. அதற்குப் பின் நிழற்படங்கள். எழுபது வருடத்தின் பின் இப்படியொரு நாசம் வரும் என்று நினைத்தா பெரேரா வரைந்தார்? ஏட்டுப் பிரதி எழுதியவன் எவனும் கறையானை நினைத்து எழுதவில்லை.

சிகிரியாவில் இன்னொரு சுவரும் உண்டு. பளிங்குச் சுவர் என்று சொல்லும் அதில், வந்து பார்த்தவர்கள் நூற்றாண்டுக்கணக்காகத் தங்கள் பாட்டுகளைக் கீறிவிட்டுப் போனார்கள். பரணவிதான 685 பாட்டுகளை வாசித்து 1956இல் பதிப்பித்தார். சிங்கள இலக்கியத்தின் மிகப் பழைய கவிதைகளுள் அவை அடங்கும். 2015இல் அதே சுவரில் தன் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருத்தி சிறைக்குப் போய், பிறகு மன்னிப்பில் வெளியே வந்தாள். அவள் செய்தது சரியென்று நான் வாதாடவில்லை. ஆயினும் எது கிறுக்கல், எது இலக்கியம் என்று காலம் தீர்ப்புச் சொல்லும் விதம் எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒன்றாகவே தருகிறது.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று இன்று நம்புகிறோம். அம்ஸ்ரடாமில் றெம்பிராண்டின் 'இராக்காவல்' படத்தை 2019 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். 717 கிகாபிக்ஸல் அளவில் அதன் நிழற்படத்தை 2022இல் வெளியிட்டார்கள். ஒரு வர்ணத் துணிக்கையைக்கூடப் பார்க்கலாம். அந்தப் படத்தை 1715இல் நகரமண்டபச் சுவருக்குக் கொள்ளவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் கிடைக்கவில்லை. 2021இல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தத் துண்டுகளை உருவாக்கி, சில மாதம் படத்தோடு சேர்த்து வைத்தார்கள். உலகமே வியந்தது. கணினி எதைப் பார்த்து வரைந்தது? 17ஆம் நூற்றாண்டில் கெறிற் லுண்டென்ஸ் என்ற சிறிய ஓவியர் செய்து வைத்த சிறிய பிரதியைப் பார்த்து. லுண்டென்ஸ் இல்லாவிட்டால் கணினி கண்ணில்லாத பிள்ளைதான்.

யாழ்ப்பாணத்துக்கு லுண்டென்ஸ் இல்லை. குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் மாற்கு எமது நவீன ஓவியத்தின் முன்னோடி. தலைமுறையாக மாணவரை உருவாக்கியவர். 1987இல் அவரைப் பற்றி 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுதி வந்தது. அவருடைய ஓவியங்களில் பெரும்பகுதி போரிலும் இடப்பெயர்விலும் போய்விட்டன. 1981இல் நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் போயின என்று எல்லோருக்கும் தெரியும். 1990இலும் 1995இலும் வீடு வீடாக விட்டுவிட்டுப் போன படங்களுக்குக் கணக்கே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இன்று பழைய இதழ்களையும் மலர்களையும் மின்வருடி வைத்திருப்பதால், எழுத்து ஓரளவு தப்பியது. ஓவியத்துக்கு அந்த அளவில் நடக்கவில்லை. இல்லாத படத்தை எக்ஸ் கதிரில் பார்க்க முடியாது.

போரைப் பற்றிப் பேச எமக்கு நன்றாக வரும். ஆனால் போருக்குப் பின் எமது கையாலேயே நடப்பதைப் பேசுவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய மடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் உட்சுவரில் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தேரும் குதிரைகளும் வரைந்திருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுக் காசு வந்து மடம் திருத்தப்பட்டபோது சுவர் முழுவதற்கும் இளமஞ்சள் எமல்ஷன் பூசிவிட்டார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். பழைய சுண்ணாம்பும் ஒரு மூடல்தான். ஆனால் அது மூச்சுவிடும், வேண்டுமானால் நீக்கலாம். எமல்ஷன் பிளாஸ்ரிக் தோல்போல் ஒட்டும். குடாநாட்டுச் சுவர்கள் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பாலும் உப்பு மண்ணாலும் ஆனவை. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பை வெளியே தள்ளும். தோல் கொப்பளித்து உதிரும்போது அடியிலுள்ள வர்ணத்தையும் இழுத்துக்கொண்டு விழும். ஓவியம் காப்போர் எதைப் பூசினாலும் பின்னர் எடுக்கக் கூடியதாகப் பூச வேண்டும் என்று வைத்திருக்கும் விதி இதனால்தான்.

ஒரு பிற்பகல் சாதாரணதர வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரை அங்கே கூட்டிப் போனேன். கதவைச் சாத்திவிட்டு ரோச் லைற்றைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தோம். பெரிய நூதனசாலைகளிலும் முதல் வேலை இதுதான்; செலவு இரண்டு பற்றரி. நேரே பார்க்கையில் மட்டமாகத் தெரிந்த மஞ்சள் சுவரில் மேடும் பள்ளமும் எழுந்தன. பெரும்பகுதி மேசன் கரண்டியின் தடம். ஓரிடத்தில் மட்டும் ஒரு முழு அளவில் வட்டமாக ஒரு விளிம்பு. அதற்குள் ஆரக்கால்போல் கோடுகள். "சேர், சில்லு!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். சில்லாகவும் இருக்கலாம், பழைய வெடிப்பை அடைத்த இடமாகவும் இருக்கலாம். தொலைபேசியில் படமெடுத்தோம். சாதாரணக் கமராவின் உணரி செங்கீழ்க்கதிரையும் ஓரளவு உணரும். அதன்முன் உள்ள வடிகட்டியை எடுத்துவிட்டால் மெல்லிய பூச்சின் அடியிலுள்ள கரிக்கோடு சிலவேளை தெரியும். பழைய கமரா ஒன்றைப் பிரித்து அதைச் செய்துபார்க்கத் தெரிந்த ஓர் இளைஞனைக் கேட்டிருக்கிறேன். இந்த எமல்ஷனுக்குள்ளால் தெரியுமோ என்பது பார்த்தால்தான் தெரியும்.

அதைவிட உதவியது வேறொன்று. மடத்துச் சுவருக்கு முன்னால் எடுத்த படம் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டிருந்தேன். கனடாவிலுள்ள பெரியம்மாவிடமிருந்து ஒரு கலியாணப் படம் வட்ஸ்அப்பில் வந்தது. 1970களின் கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே ஒரு குதிரையின் தலையும் கடிவாளமும். படம் பிடித்தவர் மங்கலாக விட்டுவிட்டார்; அவருக்கு மாப்பிள்ளைதான் முக்கியம். இப்போதைக்கு அந்தச் சுவரின் ஒரே பிரதி அதுதான்.

திருவிழாவுக்கு முன் மடத்துக்கு இன்னொரு முறை வர்ணம் பூசப் போகிறார்கள். வட்டம் தெரிந்த இடத்தை மட்டும் பூசாமல் விடும்படி நிர்வாகத்தைக் கேட்டேன். "மாஸ்ரர், பாக்கிறவைக்கு அது அசிங்கமா இருக்காதோ?" என்றார் பொருளாளர். ஒரு பலகையைச் சட்டம் போட்டு முன்னால் மாட்டி மறைத்துவிடலாம், ஆணி மட்டும் அந்த இடத்தில் அடிக்க வேண்டாம் என்றேன். கூட்டத்தில் கதைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.